அதுக்கு முன்ன யாருது?

கிரானைட் கம்பெனியில் நான் சேர்ந்த முதல் நாள், உட்கார்ந்த நாற்காலி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. "இந்த வேலையில நிமிரவே முடியாது போலிருக்கே" என்று பொதுவாக ஒரு ஜோக் அடித்தேன். யாரும் சிரிக்கவில்லை. அது எனக்குப் பழக்கம்தான். கல்யாண மண்டபத்தில் மைக்கைப் பிடித்து ஜோக் சொல்லிவிட்டு, ஃபேன் ஓடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றவன் நான். ஆனால் ஜன்னலுக்கு அந்தப் பக்கம் நின்றிருந்த ஒரு பெண்மணி, என்னை விட்டுவிட்டு நாற்காலியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது யாரு சேருன்னு தெரியுங்களா சார்?"

"எனக்கு முன்னால இருந்த கிளார்க்கோடது."

"அதுக்கு முன்ன?"

தெரியாது என்றேன்.

"அதுக்கு முன்ன மொதலாளியோட அப்பாது. அவரு எப்பவும் ஒரு பக்கமா சாஞ்சுதான் ஒக்காருவாரு. அதுக்கு முன்ன, கோர்ட்டுல ஏலம் உட்டப்ப எடுத்தது. யாரு வூட்டுல ஜப்தி பண்ணாங்களோ தெரியல. பாத்து ஒக்காருங்க."

அதன் பிறகு பதினான்கு வருஷம் பார்த்துத்தான் உட்கார்ந்தேன்.

அவர் எங்கள் கம்பெனியில் எழுத்து வெட்டுகிறவர். எல்லோருக்கும் அக்கா. என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். தருமபுரிப் பக்கத்துக் கறுப்புக் கல்லுக்கு ஐரோப்பாவில் நல்ல பேர். அங்கே உயிரோடு இருப்பவர்கள் அதைத் தரையில் போட்டு மிதிப்பார்கள், செத்தவர்கள் தலைமாட்டில் வைத்துக்கொள்வார்கள். நாங்கள் அனுப்பியது பெரும்பாலும் தலைமாட்டுக் கல். பாலீஷ் போட்ட கல்லின் மேல் ரப்பர் ஷீட்டை ஒட்டி, அதில் எழுத்தின் வடிவத்தை பிளேடால் அக்கா கீறி எடுப்பார். பிறகு மணலைக் காற்றோடு பீய்ச்சியடித்தால், ரப்பர் இல்லாத இடத்தை மட்டும் மணல் தின்னும். எழுத்து குழியாக நிற்கும். அக்காவுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரியும். இங்கிலீஷ் தெரியாது. ஜெர்மன், போலிஷ் என்று எது வந்தாலும், படத்தைப் பார்த்து ஒரு புள்ளி பிசகாமல் வெட்டுவார்.

ஆனால் அந்தக் கல் யாருடையது என்று தெரியாமல் பிளேடை எடுக்க மாட்டார்.

"சார், இவரு யாரு?"

வெளிநாட்டிலிருந்து வருகிற ஆர்டரில் பேரும், பிறந்த தேதியும், போன தேதியும்தான் இருக்கும். அதைச் சொன்னால் விடமாட்டார். சோம்பேறித்தனத்தில் நான் ஆளுக்கொரு தொழிலைக் கொடுத்துவிடுவேன். இவர் ரொட்டிக் கடைக்காரர், இவர் ரயில்வே கார்டு, இந்தம்மா டீச்சர். அக்கா தலையை ஆட்டிவிட்டு வேலையைத் தொடங்குவார். ஒரு வருஷம் கழித்து அதே குடும்பப் பேரில் இன்னொரு கல் வந்தது. அக்கா எழுத்தின் வடிவத்தை வைத்தே பேரை அடையாளம் கண்டு ஜன்னலுக்கு ஓடி வந்தார்.

"சார், இது ரொட்டிக் கடைக்காரர் சம்சாரமா?"

எனக்கு நினைவே இல்லை. "ஆமாங்கக்கா" என்றேன்.

"பாவம். ஒண்டியா எத்தன நாளு கடைய நடத்துச்சோ" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்று அந்த அம்மாவின் பேரை வெட்ட இரண்டு மடங்கு நேரம் எடுத்துக்கொண்டார். நான் நாற்காலியில் சாயாமல் உட்கார்ந்திருந்தேன்.

கல் என்றில்லை, எதைப் பார்த்தாலும் அந்தக் கேள்விதான். எங்கள் டிரைவர் செகண்ட் ஹேண்டில் பைக் வாங்கி ஸ்வீட் கொடுத்தபோது, ஸ்வீட்டை வாயில் போட்டுக்கொண்டே அக்கா நான்கு ஓனர் பின்னால் போய்விட்டார். ஐந்தாவது ஓனர் தொப்பூர் கணவாயில் லாரியில் மோதியவன் என்று கண்டுபிடித்ததும் டிரைவர் பைக்கை விற்றுவிட்டான். கடத்தூர் சந்தையில் ஆடு வாங்கப் போனவர், ஆட்டுக்காரரை அரை மணி நேரம் விசாரித்தாராம். யாரிடம் வாங்கினாய், அவர் யாரிடம் வாங்கினார், அவருக்கு முன்னால்? ஆட்டுக்காரர் கயிற்றைக் கையில் கொடுத்து, "ஆத்தா, எனக்குத் தெரிஞ்சதெல்லாம் சொல்லிட்டேன். மீதிய ஆட்டுகிட்டயே கேட்டுக்க" என்றாராம். இதை அக்காவே சொன்னார், சிரிக்காமல்.

நான் இதையெல்லாம் ஜோக்காக்கி கம்பெனி முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தேன். என் வாழ்க்கையில் நான் சொல்லி மற்றவர்கள் சிரித்த ஜோக்குகள் எல்லாம் அக்காவைப் பற்றியவைதான்.

ஒரு தடவை தாலுக்கா ஆபீசுக்குத் துணைக்கு வரச் சொன்னார். இங்கிலீஷில் ஏதாவது கேட்டால் நான் இருக்க வேண்டுமாம். போனேன். அங்கே கண்ணாடி போட்ட ஒருவர் மனுவைப் புரட்டிக்கொண்டே கேட்டார்:

"இடம் யாரு பேர்ல இருக்கு?"

"நாங்கதாங்க வெள்ளாமை வெக்கறோம். எங்க மாமனாரு காலத்துல இருந்து."

"அது சரிம்மா. பேரு யாருது? மூலப்பத்திரம் இருக்கா?"

"மிட்டாதாரு காலத்துல எங்க மாமனாரோட அப்பாருங்க..."

"அதுக்கு முன்னாடி?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. இருபது வருஷமாக அக்காவிடம் கேட்கப்பட்ட கேள்வி அது. கேட்டுக் கேட்டு அவர் வாயிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது.

பஸ் ஸ்டாண்டில் டீ குடிக்கும்போது விஷயத்தைச் சொன்னார். வத்தல்மலை அடிவாரத்தில் அவருக்கு ஒரு துண்டு நிலம். அதிலேயே ஓட்டு வீடு. கதவு எண் கிடையாது. ஊரே ஒரு காலத்தில் மிட்டாதாருடையது. வெள்ளைக்காரனுக்கு மொத்தமாகக் கிஸ்தி கட்டிவிட்டு, ஊரைக் கையில் வைத்திருந்த ஜமீன் மாதிரி ஆட்கள். சுதந்திரம் வந்து மிட்டாக்களை ஒழித்தபோது, யார் உழுகிறாரோ அவர் பேருக்குப் பட்டா என்று சொல்லி ஆட்கள் அளக்க வந்தார்கள். அந்த வருஷம் மழையில்லை. மாமனாரின் அப்பா பெங்களூருக்கு மண் வேலைக்குப் போயிருந்தார். நிலத்தில் பயிரும் இல்லை, ஆளும் இல்லை. தரிசு என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்கள்.

"ஒரே ஒரு வருசங்க சார். ஆளு ஊர்ல இல்ல, அவ்ளோதான். அதுலருந்து அது கவருமெண்டு நெலம். நாங்க எங்க நெலத்துல குந்தியிருக்கற திருடங்க."

"வேற அத்தாட்சி ஏதாச்சும் இருக்காக்கா?"

"ஒரு கல்லு இருக்குதுங்க. வரப்போரமா. மேல சூரியனும் சந்திரனும் செதுக்கியிருக்கும். கீழ எழுத்து தேஞ்சு போச்சு. சூரியனும் சந்திரனும் இருக்கற வரைக்கும் இந்த மண்ணு உனக்குத்தான்னு அந்தக் காலத்துல குடுத்ததுங்க. போட்டோ புடிச்சு காட்டுனேன். கல்லு செல்லாது, காகிதம் கொண்டாங்கறாங்க."

நான் அதற்கும் ஒரு ஜோக் வைத்திருந்தேன். சொல்லவில்லை. சொல்லாமல் விட்ட என் ஜோக்குகளில் அது ஒன்று.

பிறகுதான் அந்த லாட்வியா ஆர்டர் வந்தது. லாட்வியா என்றதும் நான் தென் அமெரிக்கா என்று நினைத்து, கப்பல் கம்பெனியிடம் அப்படியே விசாரித்தேன். அவர்கள் சிரித்தார்கள். நான் ஜோக் சொல்லாமலே ஆட்களைச் சிரிக்க வைப்பேன் என்று அன்றுதான் தெரிந்தது. ரஷ்யாவுக்குப் பக்கத்தில், கடலோரமாக ஒரு சின்ன நாடாம். அங்கே ஒரு கிராமம். தலைமாட்டுக் கல் இல்லை. ஆள் உயரத்துக்கு ஒரே பலகை, அதில் அந்த ஊரின் கதை முழுவதும். ஊர்க் கமிட்டியிலிருந்து ஓர் அம்மா எழுதியிருந்தார், வசந்தத் திருவிழாவுக்கு முன்னால் கல் நட வேண்டும் என்று.

"சார், இது யாரு?"

"ஆள் இல்லக்கா. ஊரு."

"ஊரா? யாருது?"

ரொட்டிக் கடை கதையெல்லாம் செல்லாது என்று தெரிந்துவிட்டது. கம்ப்யூட்டரில் போட்டு வரி வரியாக மொழிபெயர்த்து, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் வாசித்துக் காட்டினேன். என் பதினான்கு வருஷ சர்வீஸில் ஒழுங்காகச் செய்த வேலை அது ஒன்றுதான்.

"மொதல்ல அவங்களே இருந்திருக்காங்க. காட்டைத் திருத்தி உழுதுகிட்டு. அப்புறம் ஜெர்மன்காரங்க கத்தியோட, சிலுவையோட வந்து புடிச்சுக்கிட்டாங்க. ஊரை மூணு பண்ணையாப் பிரிச்சு மூணு பிரபு. ஒரு பண்ணையில சாராயம் காய்ச்சுற எடம், ஒண்ணுல மாவு மில்லு, ஒண்ணுல பெரிய மாளிகை. நடுவுல போலந்து ராஜா, சுவீடன் ராஜா, ரஷ்யா ராஜா எல்லாம் மாறி மாறி வந்திருக்காங்க."

"பிரபு மாறல?"

"மாறல."

"அதான பாத்தேன். மேல யாரு வந்தாலும் மிட்டாதாரு அவரேதான்."

"அப்புறம் ஒரு ராஜா ஜனங்களுக்கெல்லாம் விடுதலை குடுத்தாராம். ஆனா நெலம் பிரபுவுக்கேன்னு சொல்லிட்டாங்க. ஆளுக்கு மட்டும் விடுதலை."

அக்கா சோற்றுக் கையோடு நிமிர்ந்தார். "மாட்டை அவுத்து உட்டுட்டு மேய்ச்சலுக்குப் பூட்டுப் போட்டுக்கிட்டாங்கன்னு சொல்லுங்க."

அடுத்ததை வாசித்தேன். ஜனங்கள் கோபப்பட்டு மாளிகையைக் கொளுத்தியது. தனி நாடு ஆனதும் பண்ணைகளைத் துண்டு போட்டு உழுதவர்களுக்கே கொடுத்தது. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பேர் வைத்துக்கொண்டது. பிறகு சண்டை. சோவியத்காரர்கள் வந்து நிலத்தையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து, நன்றாக உழுதவர்களை ரயிலில் ஏற்றிச் சைபீரியாவுக்கு அனுப்பியது.

"அப்புறம்?"

"அப்புறம் மறுபடி தனி நாடு. பேரப்புள்ளைங்களுக்கு நெலத்தைத் திருப்பிக் குடுத்துட்டாங்க."

அக்கா கையைக் கழுவிக்கொண்டு வந்தார். டிபன் பாக்ஸை மூடினார்.

"எதைக் காட்டினா குடுத்தாங்க சார்?"

கல்லுக்கு அனுப்பியிருந்த வாசகத்தில் அது இல்லை. தேடிப் பார்த்தேன். பழைய ஆவணக் காப்பகத்தில் தாத்தா பேரும் வீட்டின் பேரும் எங்கேயாவது இருந்தால் போதும் என்று ஒரு பக்கத்தில் போட்டிருந்தது. சொன்னேன்.

"ரயில்ல ஏத்தினப்ப ஊர்ல ஆளே இல்லியே. தரிசுன்னு எழுதலியா?"

"எழுதலக்கா."

"நல்ல ஊருங்க சார்" என்றார். ஒரு கோயிலைப் பற்றிச் சொல்வதுபோல இருந்தது அது.

பதினெட்டு நாள் வெட்டினார். மூன்று பண்ணைகளின் பேர், வீடுகளின் பேர் எல்லாவற்றையும் தனக்குத் தெரிந்தவர்கள் வீடு மாதிரி மெனக்கெட்டு வெட்டினார். பத்தொன்பதாவது நாள் காலையில், மணல் அடித்து, ரப்பரை உரித்து, கழுவி நிறுத்தியிருந்த கல்லைப் போட்டோ எடுக்கப் போனேன். எழுத்துக்கு மேலே, படத்தில் வெறுமையாக விடச் சொல்லியிருந்த இடத்தில், வட்டமாக ஒரு சூரியன். பக்கத்தில் பிறைச் சந்திரன்.

"அக்கா, இது என்னாக்கா?"

"நான்தான் போட்டேன்."

"படத்துல இல்லியே!"

"மறந்துட்டாங்க போலருக்குது. நெலத்துக் கல்லுல சூரிய சந்திரர் இல்லாம எங்கயாச்சும் உண்டுங்களா? இத்தன பேரு மாத்தி மாத்திப் புடுங்கியிருக்காங்க. இப்பதான் கைக்கு வந்திருக்குது. மேல ஒரு காவல் போடாம உட்டா மறுபடி எவனாச்சும் புடுங்கிக்குவான் சார்."

கல்லில் குழித்ததை அழிக்க முடியாது. வேறு கல் எடுத்து வெட்ட நாள் இல்லை. முதலாளி வந்து பார்த்தார், தலையில் கை வைத்தார். "உடனே போட்டோவோட மெயில் போடுங்க. மன்னிப்புக் கேளுங்க" என்றார்.

மன்னிப்புக் கடிதம் எழுதுவதில் எனக்கு ஒரு பாணி உண்டு. நடந்ததற்கு வருந்துகிறோம், இனி நடக்காது, சம்பந்தப்பட்ட ஊழியர் பணியிலிருந்து நீக்கப்பட்டுவிட்டார். இந்த மூன்றாவது வரி இருந்தால்தான் வெளிநாட்டுக்காரர்கள் சமாதானம் ஆவார்கள். இப்படி அதுவரை பதினோரு பேரை நீக்கியிருந்தேன். பதினோரு பேரும் மறுநாள் காலை எட்டு மணிக்கு வேலைக்கு வந்துவிட்டார்கள். பன்னிரண்டாவதாக அந்த வரியை யோசிக்காமல் அடித்து அனுப்பினேன்.

லாட்வியா அம்மா உடனே பதில் போட்டார். சனிக்கிழமை வீடியோ காலில் கல்லையும் பட்டறையையும் பார்க்க வேண்டும் என்று. வெள்ளிக்கிழமை முதலாளி என்னைக் கூப்பிட்டார்.

"நீக்கிட்டோம்னு எழுதியிருக்கீங்களே."

"அது சும்மா சார். எப்பவும் எழுதறதுதான்."

"நாளைக்கு அந்தம்மா பட்டறையச் சுத்திக் காட்டுங்கும். யாரு வெட்டினதுன்னு கேக்கும். இந்தம்மா அங்க ஒக்காந்திருந்தா நம்ம பேச்சுக்கு என்னாங்க மரியாதை? நீங்க எழுதினதுதான? எழுதின மாதிரி செஞ்சுருங்க."

"ரெண்டு நாள் லீவு குடுத்தா..."

"இன்னிக்கு சூரியன். நாளைக்கு எவன் கல்லுல எதைப் போடுமோ!"

நான் இன்னும் பேசியிருக்கலாம். அந்த வரியை எழுதின கை என்னுடையது, அதற்காக நான் போகிறேன் என்று சொல்லியிருக்கலாம். வீட்டில் மகனுக்குக் காலேஜ். எனக்கு அந்த வயசில் வேறு நாற்காலி கிடைக்காது. ஜோக் சொல்கிறவர்கள் எல்லோரும் தைரியசாலிகள் என்று ஜனங்கள் நினைக்கிறார்கள். அதுவும் ஒரு ஜோக்.

சாயங்காலம் அக்கா டிபன் பையோடு ஜன்னலுக்கு வந்தார்.

"என்னமோ லெட்டர்ல எழுதிட்டீங்களாமே சார். படிங்க."

படித்தேன். முதலில் இங்கிலீஷில், பிறகு தமிழில். மூன்று வரி. கேட்டுக்கொண்டார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. சுருக்கமா."

"அக்கா, நான்..."

"தாலுக்காவுலருந்து கவரு ஏதாச்சும் வந்தா வாங்கி வெய்யுங்க சார். வூட்டுக்கு நம்பரு இல்லன்னு இந்த அட்ரஸ்தான் குடுத்திருக்கேன்."

கேட் வரைக்கும் அவர் நடந்து போனதைப் பார்த்தேன். கடைசியாகப் பார்த்தது அதுதான்.

மறுநாள் வீடியோ காலில் லாட்வியா அம்மா, அவர் பின்னால் நான்கைந்து வயசானவர்கள். கேமராவைக் கல்லின் தலைக்குக் கொண்டுபோகச் சொன்னார்கள். கொண்டுபோனேன். அங்கே தங்களுக்குள் என்னவோ பேசினார்கள். ஒரு தாத்தா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு அந்த அம்மா சொன்னார், தங்கள் ஊர்ப் பழைய பாட்டுகளில் சூரியனும் நிலாவும்தான் அதிகம் என்று. இதை அழிக்காதீர்கள் என்று. வேலையை விட்டு நீக்கினீர்களே, அவரைத் தயவுசெய்து திரும்பச் சேர்த்துக்கொள்ளுங்கள், ஏன் இதைப் போட்டார் என்று கேட்டுச் சொல்லுங்கள் என்று.

முதலாளி சிரித்துக்கொண்டே யெஸ், யெஸ் என்றார். நிஜமாகவே சேர்த்துக்கொள்ளவும் தயாராக இருந்தார். அவர் கெட்டவர் இல்லை. அக்காவுக்குப் போன் போட்டேன். அது கம்பெனி கொடுத்த சிம். முந்தின நாளே நாங்கள்தான் அதை நிறுத்தியிருந்தோம்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் பிடித்து அடிவாரத்துக்குப் போனேன். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து நிலத்துக்காரர் மாட்டைக் கட்டிக்கொண்டே, "பெங்களூருங்க. மவ அங்கதான் கட்டட வேலையில இருக்குது. நேத்து காலையில முதல் பஸ்ஸுக்கே போயிட்டாங்க. எந்தப் பக்கம்னு சொல்லலீங்க" என்றார்.

பெங்களூருக்கு நான்கு தடவை போனேன். கட்டடம் கட்டுகிற இடங்களில் தகரக் கொட்டகை தகரக் கொட்டகையாக விசாரித்தேன். பெங்களூரில் தருமபுரி ஜில்லா கட்டட வேலைக்காரர் ஒருவரைத் தேடுவது, கடலில் உப்பைத் தேடுவது மாதிரி. எங்கே கை வைத்தாலும் கிடைக்கிறது, நாம் தேடுகிற கல் உப்பு மட்டும் இல்லை. பேர் என்ன என்று கேட்டார்கள். அக்கா என்றேன். அன்றுதான் உறைத்தது, சம்பளப் பட்டியலில் இன்ஷியலோடு சுருக்கி எழுதின பேரைத் தவிர எனக்கு எதுவும் தெரியாது என்று. ஒவ்வொரு ஜெர்மன்காரருக்கும் நான் ஒரு தொழில் கொடுத்திருக்கிறேன். அக்காவிடம் ஒன்றும் கேட்டதில்லை.

மாசியில் போனவர். ஆடியில் கவர் வந்தது. தாலுக்கா முத்திரை. பிரித்தேன், பிரிக்கக்கூடாதுதான். நிலத்தை அக்காவின் முழுப் பேருக்கு ஒப்படை செய்து பட்டா. பின்பக்கம் நிபந்தனைகள். அதில் ஒன்றை நான்கு தடவை வாசித்தேன். நிலத்தைச் சாகுபடி செய்யாமல் தரிசாகப் போட்டால் ஒப்படை ரத்து.

எனக்கு விவசாயம் தெரியாது. என் வீட்டுத் தொட்டியில் துளசியே பிழைத்ததில்லை. விசாரித்ததில், எதுவும் தெரியாதவனையும் மன்னிக்கிற பயிர் கொள்ளுதான் என்றார்கள். புரட்டாசி மழைக்கு ஏர் பிடித்து ஓட்டச் சொல்லி, நானே விதைத்தேன். பேண்டை மடித்துக்கொண்டு நான் விதையை வீசின அழகைப் பார்த்து, பக்கத்து நிலத்துக்காரர் வரப்பில் உட்கார்ந்து சிரித்தார்.

"என்னாங்க சார், கோழிக்குத் தீனி போடறாப்புல போடறீங்க?"

முளைத்தது. ஓரிடத்தில் கூட்டமாக, ஓரிடத்தில் மொட்டையாக, என் தலை மாதிரி. ஆனால் பயிர் என்று சொல்லலாம்.

கார்த்திகையில் வி.ஏ.ஓ. தம்பி பைக்கில் வந்தார், எந்த நிலத்தில் என்ன பயிர் என்று அடங்கலில் ஏற்ற. பட்டாவைக் காட்டினேன். பேரைப் பார்த்தார்.

"இவங்க எங்கங்க?"

"வெளியூர் போயிருக்காங்க."

"நீங்க என்ன ஒறவு?"

"ஒரே கம்பெனிங்க."

"கம்பெனிக்காரர் வந்து கொள்ளு வெதைப்பாருங்களா?" என்று சிரித்தார். "சரி, அவங்க எப்ப வருவாங்க?"

"அறுப்புக்கு வந்துருவாங்க" என்றேன்.

எழுதிக்கொண்டார். சாகுபடி: கொள்ளு. என் முன்னாலேயே எழுதினார். எட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டேன்.

இப்போது தை பாதி ஆகிவிட்டது. சுற்றியிருக்கிற நிலங்களில் எல்லாம் கொள்ளு பிடுங்கிக் களத்துக்குப் போய்விட்டது. இந்த ஒரு துண்டு மட்டும் பழுப்பாகக் காய்ந்து நிற்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை வரப்பில் உட்கார்ந்திருந்தேன். வெயில் ஏற ஏறக் காய்கள் டப் டப்பென்று வெடித்தன. ஒவ்வொரு பஸ் சத்தத்துக்கும் ரோட்டைப் பார்த்தேன். பக்கத்து நிலத்துக்காரர் தண்ணீர்ச் செம்போடு வந்து நின்றார்.

"இன்னிக்காச்சும் ஆளு உட்டுப் புடுங்கிருங்க சார். இன்னும் நாலு வெயிலு அடிச்சா மொத்தமும் கீழ கொட்டிப் பூடும்."

"அடுத்த வாரம் பாக்கலாங்க."

"அடுத்த வாரம் வெறும் கொடிதான் இருக்கும்."

"கொட்டட்டுங்க" என்றேன். "அவங்க மண்ணுலதான கொட்டுது."